முப்பதாயிரம் ரூபாயும் ஒரு விளையாட்டுக் கணினியும்

2024-ஆம் ஆண்டு கோடை விடுமுறையில் ஒரு நாள் காலை, என் பேரன் ஒரு தாளைக் கொண்டுவந்து என் மேசைமீது வைத்தான். பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு எழுதி முடித்திருந்த சமயம் அது. தாளில் ஒரே ஒரு வரிதான் இருந்தது. "ஆர்.டி.எக்ஸ். 4060 கிராபிக்ஸ் கார்டு, ரூ. 29,500" என்று எழுதி, அதன் கீழே இரண்டு கோடு இழுத்திருந்தான். "தாத்தா, கையில் முப்பதாயிரம் இருக்கிறது. சென்னைக்குப் போய் வாங்கி வந்துவிடலாம். நீங்களும் வரவேண்டும்" என்றான்.

நான் தலைமையாசிரியனாக இருந்த காலத்தில் கணினி விளையாட்டைப் பற்றிப் பெற்றோர்களிடம் எவ்வளவோ கடுமையாகப் பேசியிருக்கிறேன். அந்த வழக்கை இங்கே மீண்டும் எடுக்கப் போவதில்லை. இந்த முப்பதாயிரத்தில் பாதி, தெருச் சிறுவர்களுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்து இரண்டு ஆண்டுகளாக அவனே சேர்த்தது. மறுபாதி, தேர்வு முடிந்ததும் தருவதாக நான் வாக்களித்தது. வாக்குக் கொடுத்துவிட்ட பிறகு, வாங்கும் பொருளைப் பழித்துப் பேசுவது முறையன்று. பணம் வீணாகாமல் பார்த்துக்கொள்வது மட்டும் முறையே. ஆதலால் அவனிடம் ஒரு கேள்வி கேட்டேன்.

"இப்போது இருக்கும் கணினியில் என்ன குறை?"

"மெதுவாக இருக்கிறது."

"எது மெதுவாக இருக்கிறது?"

இதற்கு அவனிடம் விடை இல்லை. என்னிடமும் இல்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். பிறகு ஒரு வாரம் இருவரும் அந்த விடையைத் தேடினோம். அந்தத் தேடலைத்தான் இன்று உங்களுக்குச் சொல்ல வந்திருக்கிறேன். பழைய கணினியைப் புதுப்பிக்க எண்ணி, பிள்ளை ஒரு பக்கமும் பணப்பை ஒரு பக்கமும் இழுக்க நடுவில் நிற்கும் பெற்றோர்களுக்கு இது ஒருவேளை பயன்படலாம்.

தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்க என்பது ஆசிரியப் பயிற்சியில் எங்களுக்குச் சொல்லித் தந்த முதற் பாடம். ஆகவே ஒரு கலியாண வீட்டுச் சமையற்கட்டை நினைத்துக்கொள்ளுங்கள். அங்கே தலைமைச் சமையற்காரர் ஒருவர் இருக்கிறார். எந்தப் பந்திக்கு என்ன பண்டம், எவ்வளவு, எந்த வரிசையில் என்று தீர்மானித்து ஆணையிடுபவர் அவரே. கணினியில் அவர்தாம் பிராசஸர். அந்த ஆணையைக் கேட்டு, வாளியும் கரண்டியுமாக இலை இலையாய்ப் பரிமாறுகிறது ஒரு பெருங்கூட்டம். அதுவே கிராபிக்ஸ் கார்டு. பண்டங்களை எடுத்து வைத்திருக்கும் மேடை, ராம் எனப்படும் நினைவகம். மூட்டை மூட்டையாய் அரிசியும் பருப்பும் அடுக்கியிருக்கும் உக்கிராண அறை, ஹார்டு டிஸ்க் அல்லது எஸ்.எஸ்.டி. இவையனைத்துக்கும் அடுப்பெரியச் செய்வது எஸ்.எம்.பி.எஸ். என்று கடைத்தெருவில் வழங்கும் மின்பெட்டி. அதை யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. தீப்பிடித்தால்தான் பார்க்கிறார்கள்.

இலைகள் எவை என்றால், திரையிலுள்ள புள்ளிகள். என் பேரனுடைய மானிட்டரில் அகலத்தில் 1,920 புள்ளிகள், உயரத்தில் 1,080 புள்ளிகள். பெருக்கினால் 20,73,600. இத்தனை இலைகளுக்கும் ஒரு விநாடியில் 60 முறை பரிமாறினால் அசைவு வழுக்கிக்கொண்டு போவதுபோல் தோன்றும். அதாவது விநாடிக்குப் பன்னிரண்டு கோடியே நாற்பத்து நான்கு லட்சம் இலைகள்! ஒரு விநாடியில் எத்தனை படம் தோன்றுகிறது என்னும் கணக்கை விளையாடுகிறவர்கள் எஃப்.பி.எஸ். என்கிறார்கள். நான் படம் என்றே சொல்லிக்கொண்டு போகிறேன்.

இனி, அவனுடைய கணினி. அவன் தந்தை 2021-இல் ஒரு நண்பரிடமிருந்து பழையதாக வாங்கித் தந்தது அது. பிராசஸர், 2018-இல் வெளிவந்த ரைசன் 5 2600. ஆறு கோர்கள் உள்ளது. பி450 என்னும் வகை மதர்போர்டு. 8 ஜிபி ராம், ஒரே பட்டையாக. ஒரு டெராபைட் ஹார்டு டிஸ்க். கிராபிக்ஸ் கார்டு, 2016-இல் வந்த ஜி.டி.எக்ஸ். 1050 டி.ஐ.; அதற்கென்று உள்ள நினைவகம் 4 ஜிபி. எஸ்.எம்.பி.எஸ்.ஸின் மேல் ஒட்டியிருந்த தாளில் 450 வாட் என்று கொட்டை எழுத்தில் இருந்தது. தயாரித்தவர் பெயர் இல்லை.

பந்தி ஏன் தாமதப்படுகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். தலைமைச் சமையற்காரர் மந்தமா, பரிமாறுவோர் போதவில்லையா? இதற்கு ஓர் எளிய சோதனை உண்டு. இலைகளைக் குறைத்துப் பாருங்கள். விளையாட்டின் அமைப்புப் பகுதியில் திரையளவை 1,280-க்கு 720 என்று மாற்றினால், இலைகள் 9,21,600 ஆகிவிடுகின்றன. பரிமாறுவோரின் வேலை பாதிக்கும் கீழே போய்விடுகிறது. சமையற்காரரின் வேலையோ குறைவதில்லை. பந்தியில் பத்துப் பேர் இருந்தாலும் நூறு பேர் இருந்தாலும் என்ன பண்டம் என்று அவர் தீர்மானித்தே ஆகவேண்டும். ஆகவே, அளவைக் குறைத்ததும் படங்களின் எண்ணிக்கை ஏறினால் குறை கிராபிக்ஸ் கார்டில் இருக்கிறது. ஏறாமல் நின்ற இடத்திலேயே நின்றால் குறை பிராசஸரில் இருக்கிறது. இந்தச் சோதனைக்குக் காலணாச் செலவில்லை. வாங்கப் போகிறவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் இதைச் செய்வதில்லை என்று நினைக்கிறேன்.

நாங்கள் செய்தோம். சைபர்பங்க் 2077 என்ற விளையாட்டில் முழு அளவில் விநாடிக்கு 28 படம் வந்தது. அளவைக் குறைத்ததும் 46 ஆயிற்று. வேலரண்ட் என்ற மற்றொன்றில் முழு அளவிலேயே 130 வந்தது. குறைத்தும் அது பெரிதாக ஏறவில்லை. முதல் விளையாட்டில் பரிமாறுவோர் பஞ்சம், இரண்டாவதில் சமையற்காரரின் எல்லை. "இரண்டாவதற்கு என்ன செய்வது?" என்று கேட்டான். "ஒன்றும் செய்யவேண்டாம். உன் மானிட்டர் விநாடிக்கு 60 முறைதானே புதுப்பிக்கிறது? அதற்கு மேல் வருகிற படங்களை உன் கண் முழுதாகப் பார்ப்பதே இல்லை" என்றேன். விநாடிக்கு 144 முறை புதுப்பிக்கும் மானிட்டர் வைத்திருப்பவனுக்கு நான் வேறு விடை சொல்லியிருப்பேன். வேகமாகச் சுட்டு விளையாடும் ஆட்டங்களில் மிகுதியான படங்களால் கையின் கட்டளை சற்று விரைவாகத் திரைக்கு வரும் என்று பேரன் வாதாடினான். அது உண்மையே. ஆனால் முப்பதாயிரத்தில் அதற்கு இடமில்லை.

சோதனை அத்துடன் முடியவில்லை. சைபர்பங்கில் 28 படம் என்பது குறைவுதான். ஆனாலும் அதைவிட அவனை வருத்தியது வேறொன்று. காரில் நகரத்தைச் சுற்றும்போது இடையிடையே திரை திக்கித் திக்கி நின்றது. எண்ணிக்கையைப் பார்த்தால் சராசரி அப்படியேதான் இருந்தது. சராசரியை நம்பி ஏமாந்த அனுபவம் எனக்குப் பள்ளியிலேயே உண்டு. ஒரு வகுப்பின் கணக்குச் சராசரி 60 என்று கல்வி அலுவலரிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். அந்த வகுப்பில் ஒன்பது பிள்ளைகள் தோற்றிருந்தார்கள். விநாடிக்கு 60 படம் என்றால் ஒரு படத்துக்கு 16.7 மில்லிவிநாடி. அவற்றுள் ஒன்றே ஒன்று 200 மில்லிவிநாடி தாமதித்தால், ஒரு நிமிடச் சராசரியில் அது தெரியாது. விளையாடுகிறவன் கையில் தெரியும்.

திக்குவதன் காரணத்தை டாஸ்க் மேனேஜர் காட்டிக் கொடுத்தது. 8 ஜிபி ராமும் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. மேடையில் இடமில்லாமல், சமையற்காரர் ஒவ்வொரு பண்டத்துக்கும் உக்கிராண அறைக்கு ஆளனுப்பிக்கொண்டிருந்தார். அந்த அறையோ சுழலும் ஹார்டு டிஸ்க். நூற்றுக்கு நூறு வேலையில் திணறிக்கொண்டிருந்தது. அந்த விளையாட்டின் நிறுவனத்தாரே 2023-இல் தம் தேவைப் பட்டியலைத் திருத்தி, எஸ்.எஸ்.டி. இருந்தாகவேண்டும் என்று எழுதிவிட்டார்கள் என்பதைப் பேரன் பிறகு கண்டுபிடித்தான்.

இன்னொரு செய்தியும் அப்போது வெளியாயிற்று. அந்த ராம் பட்டையின்மேல் 3200 என்று வேகம் அச்சிட்டிருந்தது. கணினியோ அதை 2400-இல் ஓட்டிக்கொண்டிருந்தது. பயாஸ் அமைப்புக்குள் போய் எக்ஸ்.எம்.பி. என்னும் குறிப்பைத் தேர்ந்தெடுத்தாலன்றி, பெரும்பாலான கணினிகள் அச்சிட்ட வேகத்தைத் தருவதில்லை. மூன்று ஆண்டுகளாக யாரும் தேர்ந்தெடுக்கவில்லை! 3200 என்று வைத்தபோது இருமுறை நின்றுபோயிற்று. 2933 என்று வைத்ததும் நிலைத்தது. அந்தப் பிராசஸருக்கு அதன் நிறுவனத்தார் குறித்த உச்ச வேகமும் 2933தான் என்று பிறகு படித்தேன்.

இப்போது தாளின் நிறம் மாறிவிட்டது. 4060-ஐ வாங்கினால் பணம் முழுதும் போய்விடும். திக்கல் அப்படியே இருக்கும். அவனுடைய நண்பன் ஒருவன் வேறொரு யோசனை சொல்லியிருந்தான். மதர்போர்டு, பிராசஸர், ராம் மூன்றையும் எடுத்தெறிந்துவிட்டு ஏ.எம்.5 என்னும் புதிய வகைக்கு மாறிவிடுவது என்பது அது. 2022-இல் வந்த அந்த வகையில் டி.டி.ஆர்.5 ராம் மட்டுமே பொருந்தும், பழைய டி.டி.ஆர்.4 பட்டை ஆகாது. மூன்றையும் வாங்கினால் முப்பதாயிரம் கரைந்து, கிராபிக்ஸ் கார்டு பழையதாகவே நிற்கும். புகழ்பெற்ற சமையற்காரரை அழைத்துவந்து, பரிமாற ஆளில்லாமல் விடுவதற்கு அது ஒப்பாகும். தவிரவும், ஏ.எம்.4 என்னும் எங்கள் பழைய வகை எளிதில் தள்ளத்தக்கதன்று. 2022-இல் வந்த ரைசன் 5 5600 முதலியனவும், பயாஸைப் புதுப்பித்தால், அதே போர்டில் அமரும். பிராசஸரைப் பிறகு ஒரு நாள் மாற்றிக்கொள்ளக் கதவு திறந்தே இருந்தது. ஆகையால் அதை அப்போதைக்கு விட்டுவிடுவது என்று முடிவாயிற்று.

மீதி எதற்கெல்லாம் என்பதில் எங்களுக்குள் பூசல் மூண்டது. அவன் எஸ்.எம்.பி.எஸ்.ஸை மாற்ற வேண்டாம் என்றான். "450 வாட் இருக்கிறது, தாத்தா. நாலாயிரத்தை அதில் போடாமல் கார்டில் போட்டால் இன்னும் நல்லதாக வாங்கலாம்" என்றான். அந்தப் பெட்டியைக் கழற்றி, ஒட்டியிருந்த தாளை அவனையே படிக்கச் சொன்னேன். கொட்டை எழுத்தில் 450. கீழே பொடி எழுத்தில், 12 வோல்ட், 18 ஆம்பியர். கிராபிக்ஸ் கார்டும் பிராசஸரும் குடிப்பது இந்த 12 வோல்ட் மின்சாரத்தைத்தான். "பெருக்கிப் பார்" என்றேன். 216 என்றான். அந்த 216-ஐயும் அந்தப் பெட்டி நெடுநேரம் தாங்குமா என்பதற்குப் பொறுப்பேற்க அதன்மேல் ஒரு பெயர்கூட இல்லை. 80 பிளஸ் என்ற முத்திரையைப் பார்த்து வாங்கினால் போதும் என்பவர்கள் உண்டு. அந்த முத்திரை மின்சாரம் எவ்வளவு வீணாகாமல் மாறுகிறது என்பதைக் குறிப்பதே தவிர, அளவு மீறினால் தானே அணைந்துகொள்ளும் பாதுகாப்பைக் குறிப்பதன்று. இரண்டையும் பார்க்கவேண்டும்.

"நீங்கள் பயப்படுகிறீர்கள், தாத்தா" என்றான்.

ஆம் என்றேன். 2019-இல் என்னுடைய கணினியில் இருந்ததும் இதைப்போலப் பெயரில்லாத பெட்டிதான். வண்ண விளக்குகள் பதித்த கேபினட்டோடு இலவசமாக வந்தது. ஒரு நாள் மாலை மின்சாரம் போய்த் திரும்பி வந்தபோது, பட் என்று ஒரு சிறு ஓசை, கருகிய நாற்றம். போர்டும் போயிற்று, ஹார்டு டிஸ்க்கும் போயிற்று. என் துணைவியாரின் கடைசி இரண்டு ஆண்டுப் புகைப்படங்கள் அந்த ஹார்டு டிஸ்க்கில் இருந்தன. வேறெங்கும் படி எடுத்து வைக்கவில்லை. மூன்று இடங்களுக்குக் கொண்டுபோய்ப் பார்த்தேன், ஒன்றும் மீளவில்லை. இதை அவனுக்கு நான் அதற்கு முன் சொன்னதில்லை. அவன் பிறகு எஸ்.எம்.பி.எஸ்.ஸைப் பற்றிப் பேசவில்லை. தாளை எடுத்து முதல் வரியாக அதை எழுதினான்.

இரவு ரயிலேறிச் சென்னைக்குப் போனோம். அண்ணா சாலையை ஒட்டியுள்ள ரிச்சி தெருவை நீங்கள் பார்த்திருக்கலாம். ஒரு காலத்தில் வானொலிப் பெட்டிக்கு வால்வும், மின்தேக்கியும் தேடிப் போன இடம். இப்போதும் சந்துக்குச் சந்து கடைகள், கடைக்குள் கடை. முதற் கடையில் எங்களுக்கு ஒரு கார்டை எடுத்து நீட்டினார்கள். "3050 சார். எல்லாரும் இதைத்தான் வாங்குகிறார்கள். விலையும் குறைவு" என்றார் கடைக்காரர். பேரன் பெட்டியைத் திருப்பிப் பார்த்து, 6 ஜிபி என்றிருப்பதைக் காட்டினான். ஆர்.டி.எக்ஸ். 3050 என்ற ஒரே பெயரில் 8 ஜிபி கார்டும் உண்டு, 2024-இல் வந்த 6 ஜிபி கார்டும் உண்டு. பின்னதில் நினைவகம் மட்டுமன்று, பரிமாறும் ஆட்களும் குறைவு. முன்னதில் 2,560 பேர் என்றால் பின்னதில் 2,304 பேர். நினைவகத்துக்குப் போகும் வழியும் 128-லிருந்து 96 ஆகக் குறுகிவிட்டது. வருகைப் பதிவேட்டில் ஒரே பெயரில் இரண்டு பையன்கள் இருந்தால் நாங்கள் தந்தை பெயரின் முதலெழுத்தைக் கேட்போம். கார்டு வாங்குகிறவர்களும் அவ்வாறு கேட்டே ஆகவேண்டும்.

அடுத்த கடையில் இன்னும் மலிவாக ஆர்.எக்ஸ். 6500 எக்ஸ்.டி. என்ற ஒன்றைக் காட்டினார்கள். அது எங்களைப் போன்றவர்களுக்கென்றே வைத்த பொறி. போர்டோடு பேச அதற்கு நான்கே தடங்கள்தாம் உண்டு. புதிய போர்டில் அந்த நான்கும் விரைவாக ஓடும். பி450 போன்ற பழைய போர்டிலோ தடத்தின் வேகம் பாதியாகிவிடும். அதற்கென்று உள்ள நினைவகமும் 4 ஜிபிதான். அது நிரம்பியவுடன் அந்தக் குறுகிய தடத்தின் வழியே ராமுக்கு ஓடவேண்டும். பழைய கணினி வைத்திருப்பவன் மலிவைக் கருதித் தேடும் கார்டு, பழைய கணினியிலேதான் மிக மோசமாக ஓடுகிறது.

பழைய கார்டுகளையும் பார்த்தோம். கிரிப்டோ நாணயம் தோண்டுவதற்காக இரவும் பகலும் ஓடிய கார்டுகள், 2022 செப்டம்பரில் எதீரியம் என்னும் நாணயம் அந்த முறையைக் கைவிட்டபின், சந்தைக்கு மலைமலையாக வந்தன. எல்லாமே கெட்டவை என்று சொல்ல மாட்டேன். அரைமணி நேரம் முழு வேகத்தில் ஓட்டிக் காட்டச் சொல்லவேண்டும், விசிறியின் ஓசையைக் கேட்கவேண்டும், சூட்டைப் பார்க்கவேண்டும், பழைய பில்லில் உள்ள எண்ணும் கார்டிலுள்ள எண்ணும் ஒன்றா என்று ஒத்துப் பார்க்கவேண்டும். இந்த நான்குக்கும் சம்மதித்த கடை ஒன்றும் எங்களுக்கு அன்று கிடைக்கவில்லை. பழைய பிராசஸரை நான் தயங்காமல் வாங்குவேன். அது எளிதில் கெடுவதில்லை. பழைய எஸ்.எம்.பி.எஸ்.ஸை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்கமாட்டேன்.

முடிவில் வாங்கியது ஆர்.எக்ஸ். 6600. 2021-இல் வந்தது, 8 ஜிபி நினைவகம், 132 வாட். போர்டோடு பேச எட்டுத் தடங்கள் இருப்பதால் பழைய போர்டிலும் பெரிய நஷ்டமில்லை. விலை 20,400. பாதுகாப்புகளெல்லாம் உள்ள 550 வாட் எஸ்.எம்.பி.எஸ். 3,900. 500 ஜிபி எஸ்.எஸ்.டி. 3,100. 8 ஜிபி ராம் இன்னொரு பட்டை 1,750. ஆக 29,150. 18 சதவீத ஜி.எஸ்.டி.யோடு பில் வாங்கினோம். பில் இல்லாமல் கொஞ்சம் குறைத்துத் தருவதாகச் சொன்ன இடமும் இருந்தது. பில் இல்லையென்றால் உத்தரவாதத்தை எந்தக் காகிதத்தைக் காட்டிக் கேட்பது? மீதி 850-இல் கேபினட்டுக்கு ஒரு விசிறி வாங்கினோம். எஞ்சியது சிந்தாதிரிப்பேட்டையில் இரண்டு சாப்பாட்டுக்கும் காப்பிக்கும் சரியாக இருந்தது.

புறப்படுமுன் ஒரு காரியம் செய்திருந்தோம். அதைச் சொல்ல மறந்துவிட்டேன். கேபினட்டின் உள்ளே கார்டு அமரும் இடத்தின் நீளத்தை அடிக்கோல் வைத்து அளந்து எழுதிக்கொண்டு போனோம். கடையில் ஒருவர் எங்களைப் பார்த்துச் சிரித்தார். ஆனால் எங்கள் கண்ணெதிரேயே ஓர் இளைஞர், முந்தின நாள் வாங்கிய நீளமான கார்டு கேபினட்டில் நுழையவில்லை என்று திருப்பிக் கொடுக்க வந்து, முடியாமல் நின்றுகொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்து நானே பூட்டுவதாகச் சொன்னேன். இயற்பியல் ஆசிரியன் அல்லவா? முதலில் எஸ்.எம்.பி.எஸ். அதன்பின் ராம். நான்கு துளைகள் உள்ள போர்டில் இரண்டு பட்டைகளை அடுத்தடுத்துச் செருகக்கூடாது. பெரும்பாலும் இரண்டாவதிலும் நான்காவதிலும் செருகவேண்டும். அப்போதுதான் இரண்டும் இரு தனி வழிகளில் வேலை செய்யும். இது கையேட்டில் இருக்கிறது. பிறகு எஸ்.எஸ்.டி., கார்டு, அதற்கான எட்டு முனை மின்கம்பி. பழைய பெட்டியில் அந்தக் கம்பியே இல்லை. அதற்கு மாற்றுக் கம்பி ஒன்று தருவதாக ஒரு கடையில் சொன்னதும் நினைவுக்கு வந்தது. எல்லாம் முடித்து, பொத்தானை அழுத்தினேன்.

விசிறிகள் சுழன்றன. திரை கறுப்பாகவே இருந்தது.

அணைத்து மீண்டும் போட்டேன். கறுப்புத்தான். 2019-இல் கேட்ட அந்தச் சிறு ஓசை கேட்டதோ என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இரண்டு ஆண்டு கணக்குச் சொல்லிக் கொடுத்த காசு. என் கை நடுங்கியது என்று சொல்வதில் வெட்கமில்லை. பேரன் குனிந்து பின்புறத்தைப் பார்த்தான். மானிட்டரின் கம்பியைப் போர்டில் உள்ள துளையிலிருந்து உருவி, கார்டில் உள்ள துளையில் செருகினான். திரை ஒளி பெற்றது. ரைசன் 5 2600-க்குத் திரையில் படம் காட்டும் ஆற்றல் தனியாக இல்லை. கம்பி கார்டிலேதான் இருக்கவேண்டும். "பரவாயில்லை, தாத்தா. எல்லாருக்கும் ஒரு தடவை நடக்கும்" என்றான். நான் எத்தனையோ மாணவர்களிடம் சொன்ன வாசகம் அது.

சைபர்பங்கில் அதே அமைப்பில் படம் 60-ஐ ஒட்டி வந்தது. திக்கல் நின்றது. அதற்குக் கார்டைக் காட்டிலும் 1,750 ரூபாய் ராமும் 3,100 ரூபாய் எஸ்.எஸ்.டி.யுமே காரணம் என்பது என் எண்ணம். பேரன் அதை இன்னும் முழுதாக ஒப்புக்கொள்ளவில்லை. எல்டன் ரிங் என்ற ஒன்றையும் விளையாடினான். அதைச் செய்தவர்களே கணினியில் விநாடிக்கு 60 படத்துக்கு மேல் போகாதபடி எல்லை கட்டிவிட்டார்கள். எனவே அங்கே எவ்வளவு விலையுயர்ந்த கார்டுக்கும் அந்த 60தான்.

2025-ஆம் ஆண்டில் கல்லூரி உதவித்தொகையில் மிச்சம் பிடித்து, ரைசன் 5 5600 ஒன்றைப் பழையதாக வாங்கினான். அதற்குப் பயாஸைப் புதுப்பிக்க வேண்டியிருந்தது. புதுப்பித்துக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் போர்டு உயிரிழந்துவிடக் கூடும். அந்த வாரம் எங்கள் பகுதியில் மாதாந்திரப் பராமரிப்புக்கு என்றைக்கு மின்தடை என்று செய்தித்தாளில் தேடிப் பார்த்தான். அந்த நாள் கழியட்டும் என்று காத்திருந்தான். அடுத்த வீட்டிலிருந்து ஒரு யு.பி.எஸ்.ஸையும் இரவல் வாங்கி வைத்துக்கொண்டுதான் தொடங்கினான். நான் ஒன்றும் சொல்லவில்லை.

அந்த ஆண்டு அக்டோபர் 14-இல் விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் அளித்துவந்த ஆதரவு முடிந்தது. ரைசன் 5 2600 விண்டோஸ் 11-இன் பட்டியலில் இருக்கிறது. அதற்கு ஓராண்டு மூத்த ரைசன் 5 1600 அதில் இல்லை. பழைய கணினியைப் புதுப்பிக்க எண்ணுகிறவர்கள் இதை முதலிலேயே பார்த்துக்கொள்ளவேண்டும். புதிய கார்டை வாங்கிய பிறகு பார்ப்பதில் பயனில்லை. அதே ஆண்டின் பிற்பகுதியில் ராமின் விலை திடீரென்று ஏறியது. செயற்கை நுண்ணறிவுக்காக உலகெங்கும் கட்டப்படும் கணினிக் கூடங்கள் நினைவகச் சில்லுகளை வாரிக்கொண்டு போனதே காரணம். 2024-இல் நாங்கள் 1,750-க்கு வாங்கிய பட்டை அந்த விலைக்குக் கிடைக்கும் நிலை போய்விட்டது. இந்நிலையில், கையில் உள்ள டி.டி.ஆர்.4 பட்டைகளையும் அவற்றுக்கேற்ற போர்டையும் எடுத்தெறிவதற்கு முன் ஒன்றுக்கு இரண்டு முறை யோசிப்பது நல்லது. கார்டை மட்டும் மாற்றுவதே இப்போது பல வீடுகளுக்குப் போதுமாக இருக்கும் என்று தோன்றுகிறது.

பழைய ஹார்டு டிஸ்க்கை என்ன செய்தான் என்று ஒரு நாள் கேட்டேன். அலமாரியைத் திறந்து காட்டினான். துணியில் சுற்றி, ஒரு தகரப் பெட்டிக்குள் வைத்திருந்தான். மாதத்துக்கு ஒரு முறை கணினியில் இணைத்து, வீட்டுப் புகைப்படங்களையெல்லாம் அதில் ஒரு படி எடுத்துவிட்டுத் திரும்பவும் கழற்றி வைத்துவிடுகிறானாம். பெட்டியின்மேல் கடைசியாக எடுத்த தேதியை என்னைப் போலவே கோடு போட்டு எழுதியிருந்தான்.

பழைய 1050 டி.ஐ. கார்டு இப்போது என் மேசைக் கணினியில் இருக்கிறது. அதற்கு மிகையான மின்கம்பி எதுவும் வேண்டாம். 75 வாட்டில் போர்டிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. இந்த உரையைத் தட்டச்சு செய்தபோது அதற்கு வேலை ஒன்றும் இருக்கவில்லை. மாலை வேளைகளில் மட்டும் அதில் நான் கார் ஓட்டுகிறேன். திரையளவை 1,280-க்கு 720 என்று வைத்துக்கொண்டால் விநாடிக்கு 60 படம் வருகிறது. வளைவுகளில்தான் இன்னும் சுவரில் மோதிக்கொண்டிருக்கிறேன்.